மாசு உள்ளே போனதா, மேலே ஒட்டியதா? நானோ குறைகடத்தியின் நிறத்தை மாற்றப் போகிறவர்களுக்கு

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ விஞ்ஞானம் படித்துக்கொண்டு, இறுதி ஆண்டு ஆய்வுக்கு "மாசூட்டிய நானோ ஒட்சைட்டு" என்று ஒரு தலைப்பைப் பிடித்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாசு என்பது இங்கே அழுக்கு அல்ல, வேண்டுமென்றே சிறிதளவு சேர்க்கும் வேறொரு மூலகம். தலைப்பு நல்லதுதான். இரசாயனப் பொருட்கள் பெரிய விலை இல்லை. ஒரு காந்தக் கலக்கி, ஓர் உலை, ஒரு யூவி-விஸ் (புறஊதா ஒளியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும்) நிறமாலைமானி இருந்தால் வேலையைத் தொடங்கலாம். வெள்ளைத் தூளில் மூன்று வீதம் கோபாற்றைச் சேர்த்து, வெளியே எடுக்கும்போது பச்சையாக வந்தால் யாருக்கும் சந்தோசமாகத்தான் இருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மாசு சேர்த்ததும் நிறமாலையில் ஏதோ ஒன்று மாறும். மாறாமல் இருப்பதுதான் அபூர்வம். அந்த மாற்றத்தைச் செய்தது மாசுதானா, அல்லது துணிக்கையின் பருமனா, கழுவாமல் விட்ட உப்பா, தூள் ஒளியைச் சிதறடித்ததா என்று பிரித்துக் காட்டுவதுதான் ஆய்வு. ஆய்வறிக்கைகள் பலவற்றில் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பத்துப் பக்கமாக்குவதற்கானவை.

முதலில் கொஞ்சம் அடிப்படை

உயர்தரத்தில் சிலிக்கனுக்குப் பொசுபரசும் போரனும் சேர்த்து என்-வகை, பி-வகை என்று படித்திருப்பீர்கள். அங்கே கேள்வி மின் கடத்துவதைப் பற்றியது. ஒளி என்று வரும்போது மாசு செய்யக்கூடிய வேலைகள் வேறு.

குறைகடத்தியில் இலத்திரன்கள் நிரம்பிய வலுவளவுப் பட்டைக்கும் வெறுமையான கடத்தல் பட்டைக்கும் நடுவில் ஒரு சக்தி இடைவெளி இருக்கிறது. அதைவிடக் குறைந்த சக்தியுள்ள ஒளி ஊடறுத்துப் போய்விடும், கூடியது உறிஞ்சப்படும். 1240 ஐ நானோமீற்றரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் சக்தி இலத்திரன்வோல்ற்றில் கிடைக்கும். நாக (துத்தநாக) ஒட்சைட்டின் உறிஞ்சல் விளிம்பு 370 நானோமீற்றர் அளவில் இருக்கிறது, அதாவது ஏறத்தாழ 3.35 இலத்திரன்வோல்ற்று. கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 இலிருந்து 700 வரை. அதில் எதையும் அது உறிஞ்சுவதில்லை. தூள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மாசு இதை மாற்றும் வழிகளில் மிகத் தெளிவானது, இடைவெளிக்குள்ளேயே புதிய சக்தி மட்டங்களைக் கொண்டுவருவது. கோபாற்று, மங்கனீசு, செம்பு போன்ற தாண்டல் உலோகங்களுக்குச் சொந்தமான டி இலத்திரன்கள் உண்டு. அவை பளிங்குச் சாலகத்துக்குள் (அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்குள்) போனாலும் தங்கள் சொந்த உறிஞ்சலையும் ஒளிர்வையும் வைத்திருக்கும். விளிம்பு அசையாவிட்டாலும் நிறம் வரும்.

இரண்டாவது வழி வேறு மாதிரி. நாக ஒட்சைட்டில் அலுமினியத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு அலுமினிய அயனும் ஓர் இலத்திரனை மேலதிகமாகத் தரும். கன சென்றிமீற்றருக்கு 10 இன் 20 ஆம் வலு அளவில் இலத்திரன்கள் சேர்ந்துவிட்டால் கடத்தல் பட்டையின் அடிமட்டங்கள் நிரம்பிவிடும். புதிதாக ஏறும் இலத்திரனுக்கு இன்னும் மேலே இடம் தேட வேண்டும். அதனால் இடைவெளி கூடியது போலத் தெரியும், விளிம்பு நீலப் பக்கம் நகரும். 1954 இல் பர்ஸ்டைனும் மொஸ்ஸும் தனித்தனியே இண்டியம் அந்திமனைட்டில் விளக்கியது இதைத்தான். அதே சுதந்திர இலத்திரன்கள் ஒன்றாக அலைந்து அகச்சிவப்புப் பகுதியில் உறிஞ்சவும் செய்யும். வெள்ளீயம் சேர்த்த இண்டியம் ஒட்சைட்டு நானோபளிங்குகள் இதற்குப் பேர் போனவை. ஆனால் 1100 நானோமீற்றரோடு நின்றுவிடும் கருவியில் அந்த உச்சம் தெரியாது. உங்களிடம் அகச்சிவப்புவரை போகும் கருவி இல்லையென்றால் இந்தத் தலைப்பைத் தொடாதீர்கள்.

மற்றவை எல்லாம் சுற்றுவழி: மாசு சாலகத்தை இழுக்கும், குறைபாடுகளைக் கூட்டும், துணிக்கை வளர்வதைத் தடுக்கும். மகனீசியம், கட்மியம் போன்றவற்றை அதிகம் சேர்த்தால் அது மாசூட்டல் அல்ல, கலப்புத் திண்மம். இடைவெளி மகனீசியத்தால் கூடும், கட்மியத்தால் குறையும்.

படி ஒன்று: எதில் எதைச் சேர்ப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே சோடிதான்: நாக ஒட்சைட்டில் கோபாற்று. காரணம், கோபாற்று தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடும்.

கோபாற்று அசற்றேற்றை நீரில் கரைத்தால் இளஞ்சிவப்பு. அப்போது கோபாற்று அயனைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் நிற்கின்றன. அதே அயன் நாக ஒட்சைட்டுச் சாலகத்தில் நாகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தால் சுற்றிலும் நான்கு ஒட்சிசன்கள்தான், நான்முகி அமைப்பில். அப்போது நிறமாலையில் 565, 610, 655 நானோமீற்றர் அண்டையில் மூன்று உறிஞ்சல்கள் வரும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஒளி போய்விடுவதால் தூள் பச்சையாகத் தெரியும். கோபாற்று உள்ளே போகாமல் தனி ஒட்சைட்டாகப் பிரிந்திருந்தால் அது கறுப்பு. தூள் சாம்பல் நிறமாக அல்லது அழுக்குப் பச்சையாக வரும். இந்தப் பச்சையைச் சுவீடனின் ரின்மன் 18 ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஓவியர்கள் அதை நிறப்பொருளாகவே பயன்படுத்தினார்கள். குவாண்டம் கொள்கை பிறப்பதற்கு முன்னரே மாசூட்டிய குறைகடத்தி படம் வரைந்துகொண்டிருந்தது.

அயனின் பருமனும் பார்க்க வேண்டும். நான்முகி இடத்தில் நாக அயனின் ஆரை 60 பிக்கோமீற்றர், கோபாற்று 58, செம்பு 57, மங்கனீசு 66. இவை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. அலுமினியம் 39 தான், ஏற்றமும் வேறு. வெள்ளி 100. வெள்ளியை நாகத்தின் இடத்தில் ஐந்து வீதம் ஏற்றினேன் என்று யாராவது எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள். அநேகமாக வெள்ளி தனியே உலோகத் துணிக்கையாக உட்கார்ந்திருக்கும்.

படி இரண்டு: மாதிரித் தொடரைத் திட்டமிடுதல்

0, 1, 3, 5 வீதம் என்று நான்கு மாதிரிகள் போதும். இங்கே வீதம் என்பது கோபாற்று மோல்களை கோபாற்றும் நாகமும் சேர்ந்த மொத்த மோல்களால் வகுத்தது. நிறைவீதத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், எது என்று அறிக்கையில் எழுதியும் வையுங்கள்.

ஒரு மாதிரிக்கு மொத்தம் 10 மில்லிமோல் உலோக அயன், 100 மில்லிலீற்றர் நீரில் என்று வைத்துக்கொள்வோம். 3 வீத மாதிரிக்கு நாக அசற்றேற்று இருநீரேற்று 9.7 மில்லிமோல், அதாவது 2.129 கிராம். கோபாற்று அசற்றேற்று நான்குநீரேற்று 0.3 மில்லிமோல், 0.0747 கிராம். 1 வீதத்துக்கு அது 0.0249 கிராம் ஆகிவிடும். இவ்வளவு சிறிய நிறையை நேரே தராசில் நிறுப்பதைவிட 1.245 கிராமை 50 மில்லிலீற்றர் குடுவையில் கரைத்து 0.1 மோலார் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயியால் 1, 3, 5 மில்லிலீற்றர் எடுத்தால் சரி.

0 வீத மாதிரியைக் கடையில் வாங்கிய நாக ஒட்சைட்டால் நிரப்ப வேண்டாம். அதையும் அதே போத்தல், அதே நீர், அதே நாளில், அதே உலையில் செய்ய வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கோபாற்று மட்டும் ஆகும்.

இதற்கு மேல் இன்னும் இரண்டு மாதிரிகளைச் செய்யச் சொல்வேன். அநேகமானோர் இவற்றைச் செய்வதில்லை.

ஒன்று, மேற்பரப்பு மாதிரி. செய்து முடித்த 0 வீதத் தூளை எடுத்து, 3 வீதத்துக்குச் சமமான கோபாற்றுக் கரைசலில் போட்டுக் கலக்கி, மற்றவற்றைப் போலவே கழுவி உலர்த்துங்கள். இதில் கோபாற்று இருக்கும், ஆனால் வெளியே.

மற்றது, கலவை மாதிரி. கோபாற்றை மட்டும் தனியே அதே முறையில் வீழ்படிவாக்கி உலையில் வைத்து, வரும் கறுப்பு ஒட்சைட்டை 0 வீதத் தூளோடு 3 வீத அளவில் அரைத்துக் கலவுங்கள்.

இப்போது உங்களிடம் கோபாற்று உள்ளே, மேலே, பக்கத்தில் என்ற மூன்று நிலைமைக்கும் நிறமாலை இருக்கும். கருவாட்டில் உப்பு மேலே தூவியதா, தசைக்குள் ஊறியதா என்பது வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நானோதுணிக்கையை வெட்ட முடியாது, அதனால் இப்படி ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

படி மூன்று: செய்வது

இரண்டு உலோகக் கரைசல்களையும் முகவையில் சேர்த்து 60 பாகை செல்சியசில் கலக்கவிடுங்கள். சோடியம் ஐதரொட்சைட்டு 0.80 கிராம் 20 மில்லிமோல்; தாக்கத்துக்குக் கணக்குப்படி தேவையானது அவ்வளவு. அதைக் கரைத்துத் துளித்துளியாக விட்டு, பீஎச் 10 அண்டையில் வரும்வரை தேவையான அளவு கொஞ்சம் கூட்டுங்கள். அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் நாகம் நாகேற்றாகத் திரும்பக் கரைந்துபோகும். கோபாற்று கரையாது. அப்போது நீங்கள் நினைத்த 3 வீதம் உங்களுக்குத் தெரியாமலே கூடிவிடும்.

இரண்டு மணித்தியாலம் கலக்கிய பின் ஆறவிட்டு, மையநீக்கியில் பிரித்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை. கடைசியில் எதனோலால் ஒருமுறை. கிணற்று நீரும் குழாய் நீரும் கழுவக்கூட வேண்டாம். அதிலுள்ள கல்சியமும் இரும்பும் நீங்கள் கேட்காமலே உங்கள் மாதிரிக்கு மாசூட்டும். ஒரு வீதக் கோபாற்றைப் பற்றிப் பேசும் இடத்தில் இது சின்ன விடயம் அல்ல.

80 பாகையில் இரவு முழுக்க உலர்த்தி, அகேற்று உரலில் அரைத்து, பாதியை எடுத்து வைத்துவிட்டு மீதியை 400 பாகையில் இரண்டு மணித்தியாலம் உலையில் வையுங்கள். உலையில் வைக்காத பாதியையும் அளக்க வேண்டும், ஏனென்றால் சூடேற்றும்போது மேற்பரப்பிலுள்ள கோபாற்று உள்ளே நகரக்கூடும். நான்கு மாதிரியும் ஒரே தடவையில் உலைக்குள் போகட்டும். நடுவில் மின்சாரம் போனால் அந்தத் தடவை முழுவதையும் ஒதுக்கிவிட்டு மீண்டும் செய்வதே நல்லது. ஒரு மாதிரியை மட்டும் மீளச் சூடாக்கினால் தொடர் கெட்டுவிடும். புடக்குகையில் முன்பு யார் என்ன சுட்டார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்கென்று ஒரு குறிப்பு. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை அடிக்கும்போது ஆய்வுகூடத்துக் காற்றே ஈரம். சோடியம் ஐதரொட்சைட்டுக் குறுணிகளை நிறுக்கும்போதே அவை நீரையும் காபனீரொட்சைட்டையும் இழுத்துப் பளபளக்கத் தொடங்கும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருக்க முடியாது. நிறுவையை நம்பாமல் பீஎச்சை நம்புங்கள். உலர்ந்த தூளையும் சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்திக்குள் வையுங்கள்.

பாதுகாப்பு: கோபாற்று உப்புகள் நச்சு, புற்றுநோய் ஆபத்தும் உள்ளவை. கையுறை, முகமூடி கட்டாயம். கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றாமல் ஒரு போத்தலில் சேர்த்து வையுங்கள். அதற்குக் காரம் சேர்த்தால் கோபாற்று ஐதரொட்சைட்டாகப் படியும். அதை வடித்து, பெயர் எழுதி, ஆய்வுகூடக் கழிவுக்குப் பொறுப்பானவரிடம் கொடுங்கள்.

படி நான்கு: கண்ணால் பார்ப்பதும் எக்ஸ்ஆர்டியும்

கருவிக்குப் போகுமுன் தூள்களை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். 1 இலிருந்து 5 வரை பச்சை சீராகக் கூடுகிறதா? 5 வீதத்தில் திடீரென்று சாம்பல் படர்கிறதா? படர்ந்தால் கோபாற்று சாலகத்துக்குள் கரையும் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பெரும்பாலும் அர்த்தம்.

எக்ஸ் கதிரால் பளிங்கு அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டியில் நாக ஒட்சைட்டின் மூன்று பெரிய உச்சங்கள் செம்புக் கதிரில் 31.8, 34.4, 36.3 பாகை அண்டையில் வரும். உங்கள் பீடத்தில் கருவி கிடைக்காவிட்டால் பேராதனைக்கோ கொழும்புக்கோ ஹோமாகமவிலுள்ள ஸ்லின்டெக் நானோதொழினுட்ப நிறுவனத்துக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். தாளில் மடித்து அனுப்பாமல் இறுக மூடிய சிறு குப்பியில் அனுப்புங்கள்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. "வேறு உச்சம் எதுவும் இல்லை, ஆகவே கோபாற்று முழுவதும் உள்ளே போய்விட்டது" என்று எழுதுவது முதலாவது. ஒரு வீத அளவில் பிரிந்து நிற்கும் ஒட்சைட்டை சாதாரண எக்ஸ்ஆர்டி காட்டாமலே விட்டுவிடும். அதோடு கோபாற்று ஒட்சைட்டின் பெரிய உச்சம் 36.8 இல், நாக ஒட்சைட்டின் உச்சத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. உங்கள் கலவை மாதிரியை அதே கருவியில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு இருந்தால் தெரியும் என்று புரியும். இரண்டாவது, உச்சம் நகர்ந்ததை மாசுக்கு ஆதாரமாகக் காட்டுவது. 60 க்குப் பதில் 58 பிக்கோமீற்றர் அயன் ஐந்து வீதம் போனால் உச்சம் நகர்வது மிகச் சொற்பம். தட்டில் தூள் கொஞ்சம் உயரமாக இருந்தாலே அதைவிடக் கூட நகரும்.

அதனால்தான் 565, 610, 655 இல் வரும் மூன்று உறிஞ்சல்களை நான் பெரிதாக மதிக்கிறேன். அவை மேற்பரப்பு மாதிரியில் மங்கி, கலவை மாதிரியில் இல்லாமல், உங்கள் 3 வீத மாதிரியில் தெளிவாக இருந்தால் உங்களிடம் உண்மையான ஆதாரம் இருக்கிறது.

உள்ளே போட்டது எவ்வளவு என்பதும் வேறு கேள்வி. கரைசலில் 3 வீதம் போட்டால் தூளில் 3 வீதம் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கொஞ்சத் தூளை அமிலத்தில் கரைத்து அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் பார்ப்பது மலிவான வழி.

மிகச் சிறிய துணிக்கைகளில் இது இன்னும் சிக்கல். 5 நானோமீற்றர் விட்டமுள்ள நாக ஒட்சைட்டுத் துணிக்கையில் ஏறத்தாழ 2,700 நாக அணுக்கள்தான் இருக்கின்றன. ஒரு வீதம் என்றால் 27 கோபாற்று. 3 நானோமீற்றரில் ஆறே ஆறு, அதுவும் சராசரிக்கு. ஒன்றில் பத்து இருக்கும், இன்னொன்றில் இரண்டு. இவ்வளவு சிறிய பளிங்கு மாசை ஏற்கவே தயங்கும். எர்வின், எஃப்ரொஸ், நொரிஸ் உள்ளிட்ட குழு 2005 இல் நேச்சர் இதழில் இதற்குச் சொன்ன விளக்கம், வளரும் பளிங்கின் முகத்தில் மாசு அயன் எவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது என்பது. ஒட்டி நின்றால் அடுத்த அடுக்கு அதை மூடிவிடும், நழுவினால் வெளியே.

படி ஐந்து: யூவி-விஸ்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

தூளை எதனோலில் போட்டு, அல்ட்ராசொனிக் தொட்டியில் வைத்துக் கலக்கி, கியுவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சிறு சதுரக் குப்பியில்) ஊற்றி அளப்பது எல்லாரும் செய்வது. ஆனால் அது கரைசல் அல்ல, தொங்கல். தூள் ஒளியை உறிஞ்சுவதோடு சிதறடிக்கவும் செய்யும். கருவி இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். 500 இலிருந்து 800 வரை உறிஞ்சல் பூச்சியத்துக்கு வராமல் சரிவாகத் தூக்கி நின்றால் அது சிதறல். பருமன் கூடிய துணிக்கை கூடுதலாகச் சிதறடிக்கும். எனவே மாசு பருமனை மாற்றியிருந்தால் சரிவு மாறி, அதோடு விளிம்பும் நகர்ந்தது போலத் தெரியும். எல்லாத் திசையிலும் தெறிக்கும் ஒளியைச் சேர்த்தெடுக்கும் ஒருங்கிணைக்கும் கோளம் இருந்தால் தூளாகவே பரவற் தெறிப்பில் அளந்து, குபெல்கா-முங்க் சமன்பாட்டால் உறிஞ்சலாக மாற்றுவது பல மடங்கு நல்லது. மூன்று கோபாற்று உறிஞ்சல்களும் அதில் அழகாக வரும். தொங்கலில் அவை தொலைந்துபோகலாம்.

கோளம் இல்லையென்றால், தொங்கலை மிக ஐதாக்கி, உறிஞ்சல் ஒன்றைத் தாண்டாமல், நான்கு மாதிரியும் ஒரே செறிவில், கலக்கிய பின் ஒரே நேர இடைவெளியில் அளந்துகொள்ளுங்கள். நாக ஒட்சைட்டுக்குக் கண்ணாடிக் கியுவெட் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். நாக சல்பைட்டுக்குக் குவாட்சு கட்டாயம். அதன் விளிம்பு 337 அண்டையிலும், நானோவில் அதற்குக் கீழேயும் இருப்பதால் பிளாஸ்டிக் கியுவெட் தன்னுடைய விளிம்பையே உங்களுக்குக் காட்டும்.

பிறகு, சக்தி இடைவெளியைக் கண்டுபிடிக்க டௌக் வரைபு. நேரடி இடைவெளியுள்ள பொருளுக்கு உறிஞ்சல் குணகத்தை போட்டன் சக்தியால் பெருக்கி, வர்க்கித்து, சக்திக்கு எதிரே வரைந்து, நேர்கோட்டுப் பகுதியைக் கீழே நீட்டுவது. நாக ஒட்சைட்டு நேரடி வகை. அனற்றேசு டைட்டானியம் ஈரொட்சைட்டு மறைமுக வகை, அதற்கு வர்க்கமூலம். எந்த அடுக்கு அழகான கோடு தருகிறதோ அதைத் தெரிவது ஆராய்ச்சி அல்ல.

கோடு எங்கே போடுகிறீர்கள் என்பதில் கைச்சுதந்திரம் நிறைய இருக்கிறது. 370 நானோமீற்றரில் ஒரு நானோமீற்றர் பிசகு என்றால் 0.009 இலத்திரன்வோல்ற்று. கோட்டை இருவர் தனித்தனியே போட்டால் 0.02 வித்தியாசம் சாதாரணமாக வரும். அப்படியிருக்க 3.27 இலிருந்து 3.25 ஆகக் குறைந்தது என்று எழுதி அதற்கு ஒரு பக்கம் விளக்கமும் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஒவ்வொரு மாதிரியையும் மூன்று தடவை புதிதாகத் தயாரித்து அளந்து, வரும் பரம்பலைப் பிழை எல்லையாகப் போடுங்கள். நகர்வு அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் கதைப்போம்.

கோபாற்றுக்கு இன்னொரு தந்திரம் உண்டு. அது விளிம்புக்குக் கீழேயே தன் சொந்த ஏற்றமாற்ற உறிஞ்சலை (இலத்திரன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது வருவது) கொண்டுவரும். அந்த வால் டௌக் வரைபின் அடியைத் தூக்கிவிடும். அதை அப்படியே பூச்சியம்வரை நீட்டினால் இடைவெளி உண்மையைவிடக் குறைவாக வரும். வாலுக்கு ஒரு கோடு, செங்குத்தான பகுதிக்கு ஒரு கோடு போட்டு, இரண்டும் வெட்டுமிடத்தை எடுங்கள்.

"குவாண்டம் அடைப்பு" என்ற சொல்லைக் கையில் எடுக்கும் முன்னும் ஒரு நிமிடம் யோசியுங்கள். பருமனால் நிறம் மாறும் விளைவு உண்மையானது. 2023 இரசாயன நோபல் பரிசு பவென்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் கிடைத்ததே குவாண்டம் புள்ளிகளுக்காகத்தான். ஆனால் நாக ஒட்சைட்டில் அது ஏழெட்டு நானோமீற்றருக்குக் கீழேதான் கவனிக்கும் அளவுக்கு வரும். மேலே சொன்ன முறையில் 400 பாகையில் சுட்டால் அநேகமாக இருபது நானோமீற்றரைத் தாண்டியிருப்பீர்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

படி ஆறு: ஒளிர்வு அளப்பது

கோபாற்று நாக ஒட்சைட்டின் ஒளிர்வைப் பெரும்பாலும் அணைத்துவிடும். அணைந்தது என்பதும் ஒரு முடிவுதான், எழுதலாம். 380 அண்டையில் வருவது பட்டை விளிம்பு ஒளிர்வு. 500 இலிருந்து 530 வரை பச்சையாக வருவது குறைபாடுகளிலிருந்து. எந்தக் குறைபாடு என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. "ஒட்சிசன் வெற்றிடம்" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

போலி உச்சங்களையும் கவனியுங்கள். 325 நானோமீற்றர் ஒளியால் அருட்டினால் 650 இல் கூரான உச்சம் வரும். அது கருவிக்குள் ஒளியைப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசை. நீரில் தொங்கவிட்டு 340 இல் அருட்டினால் நீரின் ராமன் சிதறல் ஏறத்தாழ 384 இல் விழும், நாக ஒட்சைட்டின் உண்மையான உச்சத்துக்கு மேலேயே. கண்டுபிடிக்க எளிய வழி: அருட்டும் அலைநீளத்தைப் பத்து நானோமீற்றர் மாற்றுங்கள். உச்சமும் கூடவே நகர்ந்தால் அது உங்கள் மாதிரியிலிருந்து வந்தது அல்ல. தனி நீரையும் ஒருமுறை அளந்து வையுங்கள்.

ஒளிர வைப்பதுதான் ஆசை என்றால் அடுத்த சோடிக்குப் போங்கள்: நாக சல்பைட்டில் மங்கனீசு. நாக அசற்றேற்று, மங்கனீசு அசற்றேற்றுக் கரைசலில் சோடியம் சல்பைட்டு விட்டால் அறை வெப்பநிலையிலேயே படியும். ஐதரசன் சல்பைட்டு வாயு வரும் என்பதால் புகைக்கூண்டுக்குள்தான், அமிலம் பக்கத்தில் இல்லாமல். சல்பைட்டு உறிஞ்சிய சக்தி மங்கனீசுக்குக் கைமாறி 590 நானோமீற்றர் அண்டையில் செம்மஞ்சளாக வெளிவரும். துணிக்கை சிறிதோ பெரிதோ அந்த நிறம் கிட்டத்தட்ட அசையாது, ஏனென்றால் ஒளிர்வது அந்த அயன்தான். நோட்டுச் சோதிக்கும் 365 நானோமீற்றர் விளக்கைப் பிடித்துவிட்டு "ஒளிரவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். அந்த ஒளியை நாக சல்பைட்டு சரியாக உறிஞ்சாது. 254 நானோமீற்றர் விளக்கு வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும்.

இந்தச் சோடிக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1994 இல் பார்கவாவும் கூட்டாளிகளும் நானோ அளவில் மங்கனீசின் ஒளிர்வு மில்லிசெக்கனிலிருந்து நானோசெக்கனுக்குக் குறுகிவிட்டதாக, 18 வீத வினைத்திறனோடு, அறிவித்தார்கள். பெரிய பரபரப்பு. 1998 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டிலிருந்து பொல், மெய்ஜெரிங்க் இருவரும் நேரம் பிரித்து அளந்து பார்த்தபோது, மங்கனீசின் ஒளிர்வு பழையபடி மில்லிசெக்கன்களில்தான் இருந்தது. வேகமான பகுதி சல்பைட்டின் சொந்தக் குறைபாடுகளிலிருந்து வந்து, அதே அலைநீளத்தில் அடியில் கலந்திருந்தது. மாசு சேர்க்காத மாதிரியையும் அதே அலைநீளத்தில் அளந்தால் வெளிப்படும் விடயம் அது.

படி ஏழு: எழுதுவது

விளிம்பு சிவப்புப் பக்கம் போயிருந்தால் சிதறல், ஏற்றமாற்ற வால், பிரிந்த ஒட்சைட்டு மூன்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே, கோபாற்றின் டி இலத்திரன்களுக்கும் பட்டை இலத்திரன்களுக்கும் இடையிலான பரிமாற்ற இடைத்தாக்கம் என்று எழுதுங்கள். நீலப் பக்கம் போயிருந்தால் பர்ஸ்டைன்-மொஸ் என்ற பெயரைக் கோபாற்றுக்குப் பாவிக்க வேண்டாம். ஈரேற்றமுள்ள கோபாற்று ஈரேற்றமுள்ள நாகத்தின் இடத்தில் போகும்போது மேலதிக இலத்திரன் எதையும் தருவதில்லை. அலுமினியத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும், அதுவும் காந்தப்புலத்தில் வைத்துச் செய்யும் ஹோல் (Hall) அளவீட்டால் இலத்திரன் செறிவைக் காட்டினால்.

அட்டவணையில் போட்ட வீதத்தையும் அளந்த வீதத்தையும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் கொடுங்கள். மூல நிறமாலைகளைப் பின்னிணைப்பில் சேருங்கள், வழவழப்பாக்காமல். ஒவ்வொரு மாதிரியிலும் அரைக் கிராமாவது திகதி எழுதிய குப்பியில் மிச்சம் வையுங்கள். நேர்முகத்தில் பரீட்சகர் கேட்பது பெரும்பாலும் நீங்கள் அளக்காத ஒன்றாக இருக்கும், அப்போது மேற்பரப்பு மாதிரியைத்தான் முதலில் தேடுவீர்கள்.